இரண்டு கடிதங்கள்

2019இல் பிள்ளையின் ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சேர், சங்கத்துல இருந்து பேர வெட்டச் சொல்லி ஒரு கடுதாசி எழுதித் தாங்களேன். மாசாமாசம் சந்தா புடிக்கிறாங்க. லயத்துக்குத் தகரம் கேட்டு மூணு வருசமாச்சு. தலைவரு எலக்சனுக்குத்தான் வாறாரு."

எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டது பிழை என்று இன்றும் நான் சொல்லமாட்டேன்.

நடேசய்யர் அட்டனில் சம்மேளனம் தொடங்கிய காலத்தில் சங்கத்தில் சேர்வதற்கே நெஞ்சுரம் வேண்டும். 1940 ஜனவரியில் முல்லோயாவில் சம்பளம் கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் உயிர்விட்டார். அப்படி வந்த சங்கத்தைப் பேரப்பிள்ளைகள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? சங்கம் கட்சியானது, கட்சி அமைச்சுப் பதவியானது. தலைவரே அமைச்சராக இருந்தால் அரசாங்கத்திடம் போய் யார் கேட்பது? 2018 ஒக்டோபரில் நம் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் நின்று 1,000 ரூபா கேட்டது இந்த மனக்கசப்பில்தான்.

அந்த 1,000 ரூபா 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. சரி, நாட்சம்பளத்தை வர்த்தமானி சொல்லும். எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், தண்ணிக்கு என்று எத்தனை கிலோ வெட்டுவது, இதையெல்லாம் வர்த்தமானி வந்து தராசடியில் நின்று கேட்காது. அங்கே ஒரு ஆள் வேண்டும்.

அதே 2021இல் ஆசிரியர்கள் நாங்கள் சம்பள முரண்பாட்டுக்காக மாதக்கணக்கில் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினோம். சங்கங்கள் ஒன்றாக நின்றதால் கொஞ்சமாவது கிடைத்தது. எங்களுக்குச் சங்கம் வேண்டும், கொழுந்து எடுக்கும் தாய்க்கு வேண்டாமா?

போன மாதம் அதே தாய் மறுபடி வந்தார். மலையில் தங்கச்சிக்குக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளுக்கு அரைப் பேர்தான் போட்டிருக்கிறார்கள். "துரைக்கு எழுதணும் சேர்." எழுதினேன். கீழே ஒரே ஒரு கையெழுத்து. அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

பழைய சங்கத்துக்குள் இருந்து கணக்குக் கேளுங்கள். பெண்கள் உழைக்கும் மலையில் பெண்ணையே தலைவியாக்குங்கள். அது முடியாவிட்டால், 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் புதிய சங்கம் பதிய விண்ணப்பிக்கலாம். எதைச் செய்தாலும் தனியாக மட்டும் நிற்காதீர்கள்.

அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன்: "அடுத்த முறை வரும்போது இன்னும் ஆறு பேரைக் கூட்டி வாங்க. எழுதித் தர நான் இருக்கிறேன்."