போய்வரும் உரிமை

வீட்டு வாசலைத் தாண்டும்போது 'போகிறேன்' என்று சொல்வது எமது வழக்கமன்று. 'போய்வருகிறேன்' என்றே சொல்வோம். வாய் தவறி வேறுவிதமாகச் சொல்லிவிட்டால் வீட்டிலுள்ள மூத்தவர்கள் உடனே திருத்துவார்கள். ஊரைவிட்டுப் புறப்பட்ட அந்த நாளிலும் எம்மிற் பலர் இந்தச் சொல்லையே சொல்லி விடைபெற்றோம். போனோம். ஆனால் வரவில்லை.

கோடை விடுமுறை நெருங்கும் காலங்களில் பாரிசிலும் சூரிச்சிலும் டோட்முண்டிலும் வாழும் எம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு எழுவது வழமை. ஒஸ்லோவில் உள்ள மைத்துனரையோ பெரியம்மாவின் பிள்ளைகளையோ பார்த்துவர வேண்டும், மூன்று நாட்கள் போதும், பிள்ளைகளுக்கும் நாட்டைக் காட்டியதாக இருக்கும் என்று திட்டம் போடுகின்றோம். எந்த விமானம் மலிவு, என்ன பலகாரம் கொண்டு போவது, குளிருக்கு எத்தனை உடுப்பு என்றெல்லாம் விசாரிக்கின்றோம். இதிற் பிழை எதுவுமில்லை. ஆயினும், ஒஸ்லோவுக்கு ஒரு சிறிய பயணம் போய்வருவதற்காக யாங்கோன் நகரிலே ஒரு பெண்மணி 21 ஆண்டுகள் காத்திருந்தார் என்பதை இத்தருணத்தில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமானது என நாம் கருதுகின்றோம்.

அவர் ஆங் சான் சூ கீ. 1988ஆம் ஆண்டில், நோயுற்ற தாயாரைப் பராமரிப்பதற்காக ஒக்ஸ்போர்ட்டிலிருந்து அவர் யாங்கோனுக்குச் சென்றார். கணவரையும் இரு மகன்மாரையும் விட்டு நெடுங்காலம் பிரிந்திருக்கும் எண்ணத்தோடு சென்றவரல்லர். ஆனால் அவ்வாண்டில் மக்கள் எழுச்சி வெடித்தது, இராணுவம் சுட்டது, அவர் அரசியலுக்குள் இழுக்கப்பட்டார். 1989 யூலை 20ஆம் நாள், இன்யா ஏரிக்கரையில், பல்கலைக்கழக நிழற்சாலையிலுள்ள 54ஆம் இலக்க வீட்டிலே சிறைவைக்கப்பட்டார். 1991இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட செய்தியை அந்த வீட்டின் வானொலியிலேயே கேட்டார். அவ்வாண்டு டிசெம்பர் 10ஆம் நாள் ஒஸ்லோ நகரமண்டபத்தில் அவரின் பிள்ளைகள் அலெக்சாண்டரும் கிம்மும் தாயின் பரிசை ஏற்றுக்கொண்டனர்.

அவர் ஏன் போகவில்லை? நாட்டைவிட்டு வெளியேறுவதாயின் இராணுவ ஆட்சியாளர்கள் மகிழ்ச்சியோடு வழியனுப்பியிருப்பார்கள். போனால் மீண்டும் உள்ளே விடமாட்டார்கள் என்பதுதான் அவரது அச்சம். கணவர் மைக்கல் ஆரிஸ் புற்றுநோயால் வருந்தியபோது, இறுதியாக ஒருமுறை மனைவியைக் காண யாங்கோன் வர அனுமதி கேட்டார். அது மறுக்கப்பட்டது. 1999 மார்ச் 27ஆம் நாள், தமது 53ஆவது பிறந்த நாளிலே, அவர் இங்கிலாந்தில் காலமானார். மனைவி இறுதிச் சடங்குக்குச் செல்லவில்லை. குடும்பத்தைக் கைவிட்டவர் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. தகப்பனின் செத்தவீட்டைத் தொலைபேசி வழியாகவும் ஒளிநாடா வழியாகவும் மட்டுமே காண நேர்ந்த எம்மக்களுக்கு அவ்வாறு குறை சொல்ல மனம் வராது. தெரிவு செய்தவரைவிட, அத்தகைய தெரிவுக்குள் ஒரு மனிதரைத் தள்ளியவர்களே குற்றவாளிகள்.

2010 நவெம்பர் 13ஆம் நாள் அவர் விடுவிக்கப்பட்டார். 1989இலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 15 ஆண்டுகள் வீட்டுச் சிறையிற் கழிந்திருந்தன. 2012 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்ற உறுப்பினரானார். மே மாதத்தில் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. முதலில் அயல்நாடான தாய்லாந்துக்குச் சென்று பத்திரமாகத் திரும்பினார். அதன் பின்னரே ஐரோப்பியப் பயணம். சுவிற்சர்லாந்து, நோர்வே, அயர்லாந்து, பிரித்தானியா, பிரான்ஸ் என ஐந்து நாடுகள். இரண்டு கிழமைகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துள் அத்தனையும் அடக்கப்பட்டதால் பேர்ண் நகரிலேயே அவர் களைத்து நோயுற்றார். எனினும் 2012 யூன் 16ஆம் நாள் ஒஸ்லோ நகரமண்டபத்தில் நின்று, 1991இல் ஆற்றியிருக்க வேண்டிய நோபல் உரையை ஆற்றினார். ஒரு சிறிய பயணம் திட்டமிடப்பட வேண்டிய முறை இதுவே என்பதை அவர் காட்டினார் எனலாம். முதலில் திரும்பும் வழி. அதன் பின்னரே போகும் வழி.

அந்த உரையிலே, பௌத்தம் கூறும் துன்பங்களுள் அன்புக்குரியவர்களைப் பிரிந்திருத்தல் ஒன்று என்பதை அவர் நினைவூட்டினார். தாய்லாந்து எல்லையிலுள்ள அகதி முகாமுக்குச் சென்று வந்ததையும், உதவி செய்யும் நாடுகள் களைப்படைந்து வருவதை அங்கே உணர்ந்ததையும் எடுத்துச் சொன்னார். இடம்பெயர்ந்தோரும் வீடற்றோரும் இல்லாத உலகம் வேண்டும் என்றார். அகதிகளாகிய எமக்கு அது எமது வாயிலிருந்து எடுத்த பேச்சாகவே இருந்தது.

ஆனால் இவ்விடத்தில் நாம் உண்மையையும் பேசியாக வேண்டும். அவர் ஐரோப்பாவுக்குப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னரே பர்மாவின் மேற்கிலுள்ள ராக்கைன் மாநிலம் எரியத் தொடங்கியிருந்தது. அந்த வன்முறையை ஒஸ்லோ உரையில் அவரும் தொட்டுச் சென்றார். 2017 ஓகஸ்ட் மாதத்தின் பின்னர் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்யா மக்கள் வங்காளதேசத்துக்குத் தப்பியோடியபோது நாட்டின் அரசை வழிநடத்தியவர் அவரே. 2019 டிசெம்பரில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில், இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்து வாதாடியவரும் அவரே. தமக்கு மறுக்கப்பட்ட திரும்பும் உரிமைக்காக 21 ஆண்டுகள் பொறுத்திருந்த ஒருவர், இன்னொரு மக்களின் திரும்பும் உரிமைக்காகக் குரல் கொடுக்கவில்லை என்பது எம்மை வருத்துகின்றது. அவரைப் போற்றிய எம்மவர்கள் இதனை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ரோகிங்யா மக்களின் கதை எமக்குத் தொலைவானதுமன்று. யாங்கோன் ஒரு காலத்தில் இரங்கூன் என்ற பெயரில் எமது மக்களின் வாயில் புழங்கிய நகரம். 1871இல் தமிழர் எழுப்பிய காளி கோயில் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கின்றது. செட்டிநாட்டு வட்டிக்கடைகளும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கே இருந்தன. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகரின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வழியினர். யப்பானியக் குண்டுகள் விழுந்ததும், 1942இல் பல இலட்சம் பேர் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டனர். கப்பல் கிடைக்காதவர்கள் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்தனர். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கியபோது, எஞ்சியவர்களிலும் பெருந்தொகையானோர் வெறுங்கையோடு சென்னைக்குக் கப்பலேறினர். சென்னையின் பர்மா பசார் அவர்களாலேயே உருவானது. 1982இன் குடியுரிமைச் சட்டமோ, 1823க்கு முன்னரே அந்த மண்ணில் வேரூன்றிய இனங்களையே முழுக் குடிமக்களாகக் கொண்டது. ரோகிங்யாக்களை நாடற்றவராக்கிய அதே சட்டம், தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர் பலரையும் இரண்டாந்தரத்தில் நிறுத்தியது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்கள் நாடற்றவர்களானதை அறிந்த எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம் தனது 13ஆவது உறுப்புரையில், எந்த நாட்டையும் விட்டுச் செல்லவும் தனது நாட்டுக்குத் திரும்பிவரவும் எவருக்கும் உரிமையுண்டு என்கின்றது. செல்லுதலும் திரும்புதலும் அங்கே ஒரே வாக்கியத்தில் வைக்கப்பட்டுள்ளன. எமது 'போய்வருகிறேன்' என்ற சொல்லின் சட்டவடிவம் அது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அந்த உரிமையில் ஒரு துண்டை மட்டும் எமக்கு மீட்டுத் தந்தது. மூலையில் இரு கோடுகள் இடப்பட்ட பயணப் பத்திரம் எம்மிற் பலரிடம் உண்டு. அது செல்லுபடியாகும் காலம் வரை, வழங்கிய நாடு எம்மை மீண்டும் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டது. அதனாலேயே பாரிசிலிருந்து ஒஸ்லோவுக்குப் போய்வர முடிகின்றது. பிறந்த ஊருக்குத்தான் அதைக் கொண்டு போகமுடியாது.

எனவே ஒஸ்லோவுக்குப் புறப்படுவோருக்குச் சில சொற்கள். பயணப் பத்திரமும் வதிவிட அனுமதியும் நீங்கள் திரும்பும் நாளுக்கு அப்பாலும் செல்லுபடியாகின்றனவா என முதலிற் பாருங்கள். செங்கன் நாடொன்றின் செல்லுபடியான அனுமதி உள்ளவர்கள், எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை பிற செங்கன் நாடுகளில் தங்கலாம். புகலிட விண்ணப்பம் இன்னமும் முடிவாகாத உறவுகள், 'எல்லையில் சோதனை இல்லை' என்ற பேச்சை நம்பிப் புறப்படலாகாது. டப்ளின் விதிகளின்படி பிடித்துத் திருப்பி அனுப்பப்படலாம். வழக்கும் பாதிப்புறலாம். ஒரு கலியாண வீட்டுக்காக ஆண்டுக்கணக்கான காத்திருப்பை இழக்க வேண்டாம்.

போகக் கூடியவர்கள், உறவினர் வீட்டு வரவேற்பறையிலும் மண்டபத்திலும் மூன்று நாட்களையும் கழித்துவிடாது, ஒரு காலைப்பொழுதையாவது துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் அந்த நகரமண்டபத்துக்கு ஒதுக்குங்கள். 1990 முதல் சமாதானப் பரிசு வழங்கப்படும் இடம் அது. அருகிலுள்ள பழைய புகையிரத நிலையக் கட்டடத்தில் 2005 முதல் நோபல் சமாதான மையம் இயங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதிற் பெற்றோருடன் நோர்வேக்கு வந்த கம்சாயினி குணரத்தினம், 2015இல் அந்த நகரின் துணை மேயரானார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2002 டிசெம்பரில் எமது மக்களின் எதிர்காலம் பற்றிய பேச்சுவார்த்தை நிகழ்ந்ததும் அந்த நகரிலேதான். அந்தப் பேச்சுக்கள் எங்கே போய் முடிந்தன என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

2021 பெப்ரவரி 1ஆம் நாள் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்து, ஆங் சான் சூ கீயை மீண்டும் சிறையிலடைத்தது. பல்லாயிரக்கணக்கான பர்மிய இளையோர் எல்லை கடந்தனர். எம்மைப் போல அவர்களும் வாசலில் நின்று விடைபெற்றிருப்பார்கள். அவர்களை எமது நகரங்களின் அகதி விடுதிகளிலோ பணியிடங்களிலோ சந்திக்க நேர்ந்தால், பர்மியர் யார், ரோகிங்யா யார் என்று தரம் பிரித்துப் பாராது கைகொடுக்க வேண்டியவர்கள் நாம்.

திரும்பும் உரிமை நல்லவர்களுக்கு மட்டும் உரிய பரிசன்று. நாம் விரும்புபவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் அது பொது. ஒஸ்லோவிலிருந்து திரும்பிவந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது, அந்தச் சிறு திறப்பின் பெறுமதியை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். திரும்பிச் செல்லக் கதவில்லாதவர்களையும் அப்போது மறவாதிருப்போம்.