செம்பும் நீரும் கற்பிக்கும் பாடம்

படிப்பு வேறு, பட்டறை வேறு என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் அகலவில்லை. அது பிழையென்பதற்குக் கணிப்பொறித் துறையிலிருந்தே ஒரு சான்று காட்ட விழைகிறோம்.

கணிப்பொறியின் மூளையாகிய செயலி, உழைக்க உழைக்கச் சூடேறும். ஐ.பி.எம். நிறுவனம் 1980-இல் அறிவித்த 3081 பெருங்கணிப்பொறி நீரால் குளிர்விக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டி, ஏ.எம்.டி.யின் அத்லான் செயலிகள் மிகுவெப்பம் உமிழ்ந்தபோது, மேலைநாட்டு ஆர்வலர்கள் செப்புக் கட்டியைக் குடைந்து, நீரோடும் வழி அமைத்து, வீட்டிலேயே குளிர்விப்பான் செய்தனர்.

அலுமினியத்தைவிடச் செம்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்தும். ஆயினும் நல்ல உலோகமும் நுட்பமான நீர்வழியும் மட்டும் போதா. கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து அடிப்பரப்பைத் தேய்த்துச் சமனாக்காவிடில், இடையில் தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். அந்நாளைய அத்லானின் சிலிக்கான் சில்லுக்கு மேல்மூடி இல்லை; திருகை ஒருபுறமே இறுக்கினால் அதன் விளிம்பு நொறுங்கிவிடும். எதிரெதிர் மூலைகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை. பொருத்துமுன் தனியே நீரோட்டிக் கசிவு பார்ப்பதும் இன்றியமையாதது.

ஏட்டில் கற்ற வெப்பவியல் கைக்கு வந்து சேர்வது இங்கேதான். உப்புத்தாள் பிடிக்கும் கையும் கற்ற கையே என மாணவர் உணர வேண்டும். பெரியோரும் அதனை ஊக்குவிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.