கிராம சபையின் நாளும் கடலின் நாளும்

கிராம சபை கூடும் தினத்தை ஜனங்களுக்கு அறிவிக்கவும், வந்தோரைக் கணக்கெடுக்கவும், நடவடிக்கைகளைப் பதிவு செய்யவும் நூதன சாதனங்கள் பெருகி வருகின்றன. மத்திய சர்க்காரின் பஞ்சாயத்து இலாகா ‘பஞ்சாயத் நிர்ணய்’ என்னும் இணையதளத்தை ஏற்படுத்தி, கூட்டத் தேதியையும் நிகழ்ச்சி நிரலையும் முன்கூட்டியே அதிற் பதியச் செய்திருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் ‘நம்ம கிராம சபை’ என்னும் கைபேசிச் செயலியின் மூலம் கூட்ட விவரங்களைத் திரட்டுகிறது. 2025 ஆகஸ்டில், கூட்டத்தின் ஒலி ஒளிப் பதிவிலிருந்து தானே நடவடிக்கைக் குறிப்பை எழுதித் தரும் ‘சபாசார்’ என்னும் சாதனமும் வந்து சேர்ந்தது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், இவ்வளவு சாமர்த்தியமுள்ள யந்திரங்களிடம் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. குறித்த தேதியில் ஊரார் ஊரில் இருப்பார்களா என்பதே அது.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே உள்ள அக்காள்மடத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கடலை நம்பி வாழும் ஊர் அது. ராமேசுவரம் தீவுப் பகுதியில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் தொழிலுக்குச் செல்வன. ஏனைய நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. காலையில் புறப்படும் விசைப்படகு மறுநாட் காலையிலேதான் கரை சேரும். பாம்பனைச் சேர்ந்த சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், பாசி மறுபடி வளர வேண்டுமென்று, மாதத்தில் 12 நாட்களே கடலில் இறங்குவதெனத் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அந்த நாட்கள் கடல்நீர் ஏறி வற்றும் கணக்கை ஒட்டியவை. சர்க்கார் காலண்டரின் சிவப்பு எழுத்தைக் கண்டு கடல் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை.

இனி, கிராம சபைத் தினங்களைப் பார்ப்போம். 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வருஷத்தில் இரு முறையேனும் சபை கூடவேண்டும். இரு கூட்டங்களுக்கிடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நான்கு தினங்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரு தினங்களும் சேர்ந்தன. 2026-ஆம் வருஷத்தில் ஜனவரி 26 திங்கட்கிழமை. ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. இரண்டும் விசைப்படகு கடலேறும் கிழமைகள். மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் ஞாயிற்றுக்கிழமைகள். சனிக்கிழமை போனவர்கள் மீனோடு கரைக்கு வந்து, தரம் பிரித்து, விலை பேசும் காலை அது. மே 1, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விழுவதால், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். இதைக் கண்டறிய யந்திரமும் வேண்டுவதில்லை. காலண்டரைப் புரட்டினாலே போதும். புரட்டுவார்தாம் இல்லை.

விடுமுறை தினமாகையால் எல்லோரும் வரலாமே என்று சிலர் கூறுவர். விடுமுறை உத்தியோகஸ்தருக்கு உண்டு. வலை இழுப்பவனுக்கு ஏது? 10,000 பேருக்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேர் கூடினால்தான் சபை செல்லுபடியாகும் என்பது விதி. அந்த 300 பேரில் கடற்றொழிலாளர் எத்தனை பேர் என்று எந்தச் செயலியும் சொல்லக் காணோம். தலைகளை எண்ணுவது எளிது. குடிநீரும், சாலையும், மீன் இறங்குதளமும் எவருக்கு அவசியமோ அவருடைய குரல் பதிவாயிற்றா என்பதல்லவோ பார்க்கவேண்டியது?

தேதியை மேலிடம் நிச்சயிப்பதில் வேறோர் அபாயமும் இருக்கிறது. நிச்சயிக்கும் கையே ரத்தும் செய்யும். 2020 அக்டோபர் 2-ந் தேதி நடக்கவிருந்த சபைகள், கொரோனா நோயைக் காரணமாகக் கூறிக் கடைசி வேளையில் ரத்து செய்யப்பட்டதை மறந்துவிட முடியாது. மேலும், 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ராமநாதபுரம் உள்ளிட்ட 27 ஜில்லாக்களில் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் வசம் சென்றது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் ஊரார் நேருக்கு நேர் நின்று கணக்குக் கேட்க மிஞ்சிய இடம் கிராம சபை ஒன்றே. அதுவும் ஆள் இல்லாத நாளில் கூடுமானால் ஸ்தல சுயாட்சி என்பது வெறும் ஏட்டுச் சுரைக்காயாகும்.

செய்யவேண்டியது யாது? தேசீயத் திருநாட்களில் கூடும் வழக்கம் நிலைக்கட்டும். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. சட்டம் குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கூறுகிறதேயன்றி, அதற்கு மேல் கூடுவதைத் தடுக்கவில்லை. ஆகவே கடலோர ஊராட்சிகளில், படகுகள் கரையிலிருக்கும் நாளையும் வேளையையும் ஊராரிடமே கேட்டறிந்து விசேஷ சபைகள் கூட்டலாம். திருநாட் கூட்டத்தையும் முற்பகல் 11 மணி என்றில்லாமல் மாலைக்கு மாற்றலாம். தேதியைப் பதியும் இணையதளத்திலே படகுக் கிழமைகள், தடைக்காலம், வானிலை எச்சரிக்கை ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால், பொருந்தாத நாளைக் குறிக்கும்போதே அது எச்சரிக்கும். யந்திரத்தின் உண்மையான உபயோகம் இதுவே.

அறிவிப்பு முறையையும் கவனிக்கவேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை 2022-ல் சர்க்கார் நிறுத்தியது. பறையடிப்பவரின் சுயமரியாதையை எண்ணினால் அது நியாயமே. அதன் இடத்தை எழுத்துச் செய்தி மாத்திரம் நிரப்பாது. படிக்கத் தெரியாதவரும் ஊரில் உண்டு. பாம்பனில் 2016 முதல் மீனவருக்கென்றே ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் ஒலித்து வந்திருக்கிறது. காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் கேட்கப் பழகிய காதுகளுக்குச் சபையின் நாளும், விவாதிக்கவிருக்கும் விஷயமும், கணக்கு வரவு செலவும் அவ்வழியே எட்டட்டும்.

தேச ஊழியர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அடுத்த சபையில் முதல் தீர்மானமாக, வரும் வருஷத்தில் நமது ஊர் எந்நாட்களில், எவ்வேளையில் கூடும் என்பதை ஊராரே நிச்சயித்து நிறைவேற்றச் செய்யுங்கள். அந்தத் தீர்மானத்தைச் செயலியில் ஏற்றுவது உத்தியோகஸ்தர் கடமை. நாளைக் குறிக்கும் உரிமை ஊரிடம் வந்த பிறகே, சபை ஊருடையது என்று சொல்லிக்கொள்ள நமக்கு யோக்கியதை உண்டாகும்.