தலைப்பில் தமிழ் எழுதியதற்கு இதுவா தண்டனை?

"விருத்தாசலம் கொலு பொம்மை ஆர்டர்." வாடிக்கையாளர் மின்னஞ்சல் தலைப்பைத் தெளிவாகத்தான் போட்டு அனுப்புகிறார். செல்போனில் திறந்தால் தமிழ் பளிச்சென்று இருக்கிறது. அதே மின்னஞ்சல்களை ஆர்டர் மென்பொருள் பட்டியலாக இறக்கித் தரும்போது பாருங்கள்: சமக்குறி, கேள்விக்குறி, யூடிஎஃப்-8, கேள்விக்குறி, பி, மறுபடி கேள்விக்குறி, அப்புறம் '4கே6' '4கே6' என்று வரி முழுக்க. நவராத்திரி நெருங்கும் நேரத்தில் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் என் மாமா சூளையைப் பார்ப்பாரா, இதை எழுத்துக்கூட்டிப் படிப்பாரா? "மாப்ள, வைரஸ் பூந்துடுச்சுடா, வந்து பாரு" என்று போன் போடுகிறார்.

வைரஸெல்லாம் இல்லை. மின்னஞ்சலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துக்கு மட்டுமே என்று பிறந்தது. மற்ற மொழிகளை அந்த எழுத்துகளின் வேடத்தில் அனுப்பலாம், பெறுகிற இடத்தில் வேடத்தைக் கலைக்க வேண்டும் என்று 1992இல் ஒரு வழி கண்டார்கள். 1996இல் அது ஆர்எஃப்சி 2047 என்ற இணைய விதி ஆனது. 'பி' என்றால் பேஸ்64. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட், பேஸ்64இல் நாலு எழுத்து. தமிழுக்கு முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதிலும் இரண்டே வகை. அதனால்தான் அந்த 4கே6 பஜனை. அனுப்பியவர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார். கலைக்க வேண்டிய மென்பொருள்தான் தூங்குகிறது.

சரி, கருப்புத் திரையில் நாமே பார்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தால் அங்கேயும் நிம்மதி இல்லை. சேமித்த அஞ்சல் கோப்பில் 'பொம்மை' என்று கிரெப் கட்டளையால் தேடினால் ஒன்றும் சிக்காது. பொம்மையைப் பேஸ்64 ஆக்கித் தேடினாலும் பாதிதான் சிக்கும். முன்னால் ஒரு இடைவெளி வந்தால் போதும், அது ஒரே பைட் என்பதால் மூன்று மூன்றாகப் போகிற கணக்கு நகர்ந்துவிடுகிறது. அதே சொல்லுக்கு வேறு எழுத்துகள். போதாததற்கு வேடமிட்ட ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாதென்று விதி. முன்னொட்டும் பின்னொட்டும் போக, தமிழுக்குக் கிடைப்பது 15 குறியீடு. துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்த்து 'விருத்தாசலம்' மட்டுமே 12 தின்றுவிடுகிறது. ஆக 'கொ' ஒரு துண்டிலும் 'லு' அடுத்த துண்டிலும் போய் விழலாம். துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை விட்டுவிட வேண்டும் என்பதும் விதிதான். அதைப் படிக்காதவர் எழுதிய நிரலில் கொலு 'கொ லு' ஆகிவிடும்.

இத்தனைக்கும் தீர்வு இலவசம். பெர்ல் நிரல்மொழியோடு வரும் என்கோடு தொகுதியில் 'மைம்-ஹெட்டர்' என்று கேட்டால் ஒரே வரியில் தமிழாக்கித் தரும். வரிவரியாக ஊட்டாமல் கோப்பை மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் பல வரியாக மடிந்த தலைப்பு மடிந்தபடியே நிற்கும். பைத்தானிலும் ஈமெயில் நூலகம் உள்ளேயே இருக்கிறது. இன்னொன்று, 2012லேயே தலைப்பில் யூடிஎஃப்-8ஐ வேடமில்லாமல் அப்படியே அனுப்பவும் விதி வந்துவிட்டது. இரு பக்கச் சர்வரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அங்கேதான் இடிக்கிறது.

நெய்வேலிக் களிமண்ணைப் பிசைந்து பொம்மை செய்கிறவர் பெர்ல் கற்றுக்கொண்டுதான் தன் ஆர்டரைப் படிக்க வேண்டுமா? வருடா வருடம் சந்தா வாங்குகிற மென்பொருள்காரர்களே, விற்பதற்கு முன் உங்களுக்கு நீங்களே தமிழில், கொஞ்சம் நீளமாகவே, ஒரு தலைப்புப் போட்டு அனுப்பி இறக்கிப் பாருங்கள்.