உப்பு லோடும் என் தண்ணீர்க் குடமும்



மூன்று வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி கொதித்துப்போய் எழுதியிருந்தார். குடிதண்ணீருக்காக நாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய் அலைகிறோம், எதிர்வீட்டுக்காரர்களோ அதே நல்ல தண்ணீரை வாளி வாளியாய் ஊற்றி வண்டி கழுவுகிறார்கள், இவர்களுக்கு மனசாட்சியே கிடையாதா என்பது அவர் கேள்வி. படித்ததும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த எதிர்வீடு எங்கள் வீடாகவும் இருக்கலாம். நாங்களும் நல்ல தண்ணீரில்தான் வண்டி கழுவுகிறோம். சகோதரி கேட்டதை அதே வார்த்தையில் என் வீட்டுக்காரரிடம் நானே கேட்டிருக்கிறேன். இப்போது ஏன் கேட்பதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஊர் சிவகாசி. வெம்பக்கோட்டை அணைத் தண்ணீரும் மானூர் கூட்டுக் குடிநீரும் ஊருக்கு வருகிறது என்றாலும், எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வந்தால் அன்றைக்குத் திருவிழாதான். வராத நாளில் டிராக்டரில் கொண்டு வருகிறவரிடம் குடம் 10 ரூபாய்க்கு வாங்குவோம். வீட்டுப் போரில் வருவது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது. விளக்கிய பாத்திரத்தைத் துடைக்காமல் கவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிடும். விருதுநகர் ஜில்லாவில் வாக்கப்பட்ட சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2016-ல் கடன் போட்டு, ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று எடுத்தோம். காலண்டர் கட்டு, பட்டாசு வைக்கிற அட்டைப்பெட்டி, பேப்பர் பண்டல் என்று உள்ளூர் லோடு. அதுவே தவணைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமாக இருந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும் என்றார்கள். அதன்பிறகு ஆலைகளை மூடிப் போட்டார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. பட்டாசு இல்லாமல் பெட்டி எதற்கு? எங்கள் வண்டி வாசலில் நின்றது. வட்டி நிற்கவில்லை.

அப்போதுதான் யாரோ சொல்லி இவர் தூத்துக்குடிக்கு உப்பு லோடுக்குப் போனார். விருதுநகர் கடைகளுக்கும், ஐஸ் கம்பெனிக்கும், கருவாட்டு வியாபாரிகளுக்கும் மூட்டை மூட்டையாய்க் கல்லுப்பு வேண்டியிருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் அளத்தில் விளைச்சல் நின்றாலும், அம்பாரம் குவித்து ஓலை போட்டு மூடி வைத்ததிலிருந்து லோடு வந்துகொண்டே இருக்கும். பிழைப்பு திரும்பியது. எங்கள் ஊரில் உப்பு என்றால் சிலருக்கு வெடியுப்புதான் ஞாபகம் வரும். எங்களுக்குச் சோறு போட்டது சாப்பாட்டு உப்பு.

ஆனால் உப்பு மூட்டை சும்மா வருவதில்லை. ஈரம் காயாத உப்பாக இருந்தால் வழி நெடுக மூட்டை கசியும். பலகை இடுக்கில், தகட்டு மடிப்பில், அடியில் போகிற பிரேக் பைப்பில், பட்டைகளுக்கு நடுவில் எல்லாம் அந்தத் தண்ணீர் இறங்கும். லோடு இறக்கிய பிறகு பார்த்தால் வண்டித் தளத்தில் உப்பு மணல் மாதிரி கிடக்கும். இவர் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து, "ஏம்மா, ரெண்டு குடம் நல்ல தண்ணி குடு, கழுவிட்டுப் படுக்கேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "காலைல உலை வைக்க வச்சிருக்கேன். பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகணும். ஒங்க வண்டி நல்ல தண்ணிதான் குடிக்குமோ? போர்த் தண்ணிய ஊத்துங்க. இல்லாட்டி வெயில்ல காயட்டும், தன்னால உதிரும்" என்பேன். அத்தை கூட அவருக்காக ஒருநாள் பேசினார்கள். நான் கேட்கவில்லை. அவரும் சண்டைக்குப் பயந்து, விளக்குமாற்றால் கூட்டி விட்டுவிட்டுப் படுத்துவிடுவார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

2022 தை மாதம். கடைசித் தவணை கட்டி முடித்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. லீவு நாள் என்று மூத்தவனும் அப்பாவோடு போயிருந்தான். விருதுநகரில் உப்பை இறக்கிவிட்டு ஆமத்தூர் வழியாகத் திரும்பும்போது, முன்னால் போன டிராக்டர் திரும்பியிருக்கிறது. இவர் பிரேக்கை மிதித்தால் கால் தரையில் போய் முட்டியதாம். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ரோட்டோரக் கருவேல மரக் கூட்டத்துக்குள் வண்டியை விட்டிருக்கிறார். பையனுக்கு நெற்றியில் நாலு தையல். லோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்தால் தூக்கம் வராது.

பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி எனக்கும் காட்டினார்கள். பிரேக் எண்ணெய் போகிற இரும்புப் பைப் ஓரிடத்தில் முருங்கைக்காய்த் தோல் மாதிரி உரிந்து ஓட்டையாகியிருந்தது. தளத்துத் தகட்டை மேஸ்திரி ஸ்குரூ டிரைவரால் குத்தினார், உள்ளே போய்விட்டது. "உப்பு லோடு அடிக்கீகளா? கழுவுறதில்லையோ?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. தளம் மாற்ற, பைப் மாற்ற, வெல்டிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய்.

மேஸ்திரி சொன்னதில் எனக்கு ஒன்றுதான் புதுசு. காய்ந்த உப்பு இரும்பை அவ்வளவாகத் தொடாது, உப்பும் ஈரமும் சேர்ந்தால்தான் வெறும் தண்ணீரைவிடப் பல மடங்கு வேகமாகத் துரு ஏறும் என்றார். நம் ஊர் காய்ந்த ஊர்தானே, வெயிலில் காய்ந்தால் போகாதா என்று கேட்டேன். "கல்லுப்பு காத்துல இருக்க ஈரத்தையே இழுத்துக்கிடும் தாயி. மார்கழிப் பனிக்கு ராத்திரி பூராம் நனையும்" என்றார். யோசித்துப் பாருங்கள், இது நமக்குத் தெரியாததா? அடைமழைக் காலத்தில் உப்பு ஜாடி கசிந்து தரை நனைவதைப் பார்க்காதவர் யார்? எவர்சில்வர் டப்பாவில் உப்பைப் போட்டு வைத்தால் புள்ளி புள்ளியாய் அரித்துவிடும் என்றுதானே பீங்கான் ஜாடியிலும் மரவையிலும் போடுகிறோம்? கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை எனக்குச் சொன்ன முதல் பாடமே அதுதான். நாலு லட்சம் ரூபாய் இரும்பு வாசலில் நிற்கிறது, அதற்கு அந்தப் பாடத்தை நான் பொருத்திப் பார்க்கவில்லை.

இந்தச் சமயத்தில் கனடாவில் இருக்கும் என் சித்தி மகள் போன் பண்ணினாள். விஷயத்தைச் சொன்னதும், "அக்கா, இங்கயும் இதே கதைதான்" என்றாள். டொரண்டோ பக்கம் பனி கொட்டினால் லாரியில் வந்து ரோடெல்லாம் உப்பைத் தூவுவார்களாம். வெறும் தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துவிடும், உப்புத் தண்ணீர் அதற்கும் கீழே போனால்தான் உறையும், அதனால் ரோட்டில் பனிக்கட்டி இளகி கார் வழுக்காமல் போகுமாம். மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போனால் சாதா உப்பு அவ்வளவாக வேலை செய்யாதாம். உலகத்திலேயே பெரிய உப்புச் சுரங்கம் அவர்கள் மாகாணத்தில் காட்ரிச் என்ற ஊரில், ஹூரான் ஏரிக்கு அடியில் இருக்கிறதாம். நமக்கு உப்பு கடலில் இருந்து வருகிறது, அவர்களுக்கு ஏரிக்கு அடியில் இருந்து!

அந்த உப்புச் சேறு காருக்கு அடியில் ஒட்டி, அங்கேயும் இரும்பைத் தின்கிறது. கழுவலாம் என்றால் அந்தக் குளிரில் ஊற்றுகிற தண்ணீர் கதவிலேயே உறைந்து, கதவு திறக்காமல் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் கொஞ்சம் வெயில் முகம் காட்டி 0 டிகிரிக்கு மேல் வருகிற நாளாகப் பார்த்து, அடியில் இருந்து மேல்நோக்கிப் பீய்ச்சுகிற கழுவுகடைக்குக் கொண்டு போவாளாம். கழுவியதும் கதவு ரப்பரையெல்லாம் துணியால் துடைத்து விடுவாளாம். "மேல பளபளன்னு இருக்கறது முக்கியமில்லக்கா, அடிதான் முக்கியம்" என்றாள். காசு எவ்வளவு என்று கேட்டேன். நம் காசுக்குக் கணக்குப் போட்டுச் சொன்னாள். மயக்கம் வந்தது. ஆனால் அங்கே கழுவுகிற தண்ணீருக்கும் உலைத் தண்ணீருக்கும் சண்டை இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது எங்கள் வீட்டில் கழுவுகிற முறை இது. முதலில் காய்ந்த விளக்குமாற்றால் இடுக்கெல்லாம் கூட்டி உப்பை எடுத்துவிடுவோம். எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு தண்ணீர் மிச்சம். பிறகு துணி அலசிய தண்ணீரோ போர்த் தண்ணீரோ பத்து வாளி, தளத்திலும் சக்கர மேல்வளைவிலும் அடியிலும். போர்த் தண்ணீர் உப்புத்தான், ஆனால் மூட்டையில் கசிந்த உப்புக்கு அது எவ்வளவோ மேல். கடைசியாக இரண்டே குடம் நல்ல தண்ணீர், அடிப்பைப்பும் பட்டையும் நனைகிற மாதிரி. குழாய் போட்டுப் பீய்ச்சுவது கிடையாது, சொம்பால்தான். அன்றைக்கு ராத்திரியே முடித்துவிட வேண்டும். பல வீடுகளில் ஆர்.ஓ. மிஷினிலிருந்து கழிந்து வருகிற தண்ணீரை வண்டி கழுவ வைத்துக்கொள்கிறார்கள். தரை துடைக்க அது சரி. ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உப்புப் போக்க உப்பையே ஊற்றினால் எப்படி?

இனி என் கேள்விக்கு வருகிறேன். வாரத்துக்கு மூன்று நடை என்றால் ஆறு குடம், 60 ரூபாய். பணம் பெரிதில்லை என்பீர்கள். அந்த ஆறு குடத்தை டிராக்டரிலிருந்து இடுப்பில் சுமந்து வருவது யார்? ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? வாடகை பேசும்போது டீசல் பேசுகிறார்கள், டோல் பேசுகிறார்கள், ஏற்றுகூலி இறக்குகூலி பேசுகிறார்கள். கழுவுகூலி என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் அது வீட்டுக்குள் நடக்கிறது, பொம்பளை தலையில் விழுகிறது. வண்டி அரித்துப்போனால் வண்டிக்காரன் நஷ்டம், தண்ணீர் தீர்ந்தால் அவன் பெண்டாட்டி பாடு. உப்பு வாங்கி விற்கிற வியாபாரிக்கு இதில் ஒரு பைசா செலவு கிடையாது. இது என்ன நியாயம்? உப்பு மட்டுமில்லை. கருவாடு, உர மூட்டை ஏற்றுகிறவர்கள் வீட்டிலும் இதே பாடுதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

போன சித்திரையில் இவரிடம் சொன்னேன், நடைக்கு 100 ரூபாய் கழுவுகூலி என்று தனியாகக் கேளுங்கள் என்று. கூச்சப்பட்டார். "கேட்டா லோடு வேற வண்டிக்குப் போயிரும்மா" என்றார். அந்த வேறு வண்டிக்காரர் வீட்டுக்கும் நானே போய், அவர் சம்சாரத்திடம் பேசினேன். அந்த அம்மாவும் என்னைப் போலவே ராத்திரி டார்ச் பிடிக்கிற ஆள்தான். இரண்டு பேர் சொன்னது நாலு வீட்டுக்குப் போனது. ஒரு வியாபாரி சிரித்தார், அப்புறம் கொடுத்துவிட்டார். இன்னொருவர், "சொந்த வண்டியக் கழுவ நான் காசு குடுக்கணுமாக்கும்?" என்று இன்னும் இழுத்தடிக்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன் எழுதிய சகோதரியே, பளபளப்புக்காகக் காரை நிறுத்திக் குழாய் போட்டுப் பீய்ச்சுகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் உங்கள் கட்சிதான். ஆனால் அடுத்த தடவை எதிர்வீட்டில் கழுவும்போது கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மேலே ஊற்றுகிறார்களா, அடியில் ஊற்றுகிறார்களா என்று. அடியில் ஊற்றினால் அந்த வீட்டம்மாவிடம் என்ன லோடு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கழுவுகூலி வாங்குகிறார்களா என்றும் கேளுங்கள்.

இந்த மாதம் இதுவரை 11 நடை. 9 நடைக்குக் கூலி வந்துவிட்டது. மீதி இரண்டையும் பையனின் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, சிவகாசி