ஒரு பல் மட்டும் கறுத்திருக்கிறதா? ப்ளீச்சிங்குக்கு முன்னால் இதைக் கேளுங்கள்!

சின்ன வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து முன்பல்லில் அடி. வலி போனதும் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். சில வருடங்கள் கழித்து கல்யாண போட்டோவைப் பார்த்தால், அந்த ஒரு பல் மட்டும் சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரியும். அதன்பிறகு சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

இது வெளியே படிந்த கறை அல்ல. அடிபட்டபோது பல்லுக்குள் கசிந்த ரத்தம், பல்லின் நுண்ணிய குழாய்களில் இறங்கிச் சிதைந்து, அதிலுள்ள இரும்புச்சத்து கறையாகத் தங்கிவிடுகிறது. கரித்தூளோ விளம்பர பேஸ்ட்டோ அங்கே எட்டாது. எலுமிச்சையைத் தேய்த்தால் எனாமல் அரிப்பதுதான் மிச்சம்!

ரூட் கேனால் செய்த பல் என்றால், உள்ளிருந்தே வெளுக்க வைக்கலாம். பல்லின் நாக்குப் பக்கம் சிறிய துளையிட்டு, சோடியம் பெர்போரேட் பவுடரைத் தண்ணீரில் ஈர மணல் பதத்துக்குக் குழைத்து உள்ளே வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். மருந்தோடு நீங்கள்பாட்டுக்கு நடமாடலாம் என்பதால் இதற்கு 'வாக்கிங் ப்ளீச்' என்று பெயர். சில நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும்.

மருந்து வைப்பது சில நிமிட வேலை. அதற்கு முந்தைய தயாரிப்பில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் எக்ஸ்ரே. பழைய ரூட் கேனால் சரியாக அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, வெளிப்பக்கத்தைச் சுத்தம் செய்து, பல்லின் நிறத்தை போட்டோவோடு பதிவு செய்வார்கள். பிறகு துளைக்குள் இருக்கும் பழைய ஃபில்லிங், மூலைகளில் ஒட்டியிருக்கும் பல்கூழ் மிச்சம் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பல நேரங்களில் அந்த மிச்சமே கறைக்குக் காரணம். அதற்காக அளவுக்கு மீறிச் சுரண்டினால் பல் பலவீனமாகிவிடும். மருந்து நன்றாக ஊறட்டும் என்று உட்சுவரில் ஆசிட் தடவும் பழக்கம் முன்பு இருந்தது. அது தேவையில்லை என்பதே இப்போது பலரின் கருத்து.

இனிமேல் வருவதுதான் முக்கியம். வேருக்குள் இருக்கும் ரப்பர் போன்ற அடைப்பை ஈறு மட்டத்துக்குக் கீழே சுமார் 2 மி.மீ. எடுத்துவிட்டு, அந்த இடத்தை கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் மூட வேண்டும். இந்தத் தடுப்பு இல்லாவிட்டால், மருந்திலிருந்து வெளியாகும் பெராக்சைடு பல்லின் கழுத்துப் பகுதி வழியாக வெளியே கசியலாம். அப்போது நம் உடலின் செல்களே வேரை அரிக்கத் தொடங்கும் ஆபத்து உண்டு. 1979-ல் ஹாரிங்டன், நாட்கின் என்ற இரண்டு பல் மருத்துவர்கள் இந்தச் சிக்கலை எழுதிப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் வலியே இருக்காது. வருடங்கள் கழித்து எக்ஸ்ரேயில் தெரியவரும்போது பல்லையே எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அதிக வீரியமுள்ள பெராக்சைடோடு சூடும் சேர்ந்தால் ஆபத்து கூடுதல்.

அதனால் செலவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், "டாக்டர், எக்ஸ்ரே எடுப்பீங்களா? வேருக்கு மேல சிமென்ட் வெச்சு மூடுவீங்களா?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

நிறம் வந்ததும் அன்றைக்கே நிரந்தர ஃபில்லிங் வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஆக்சிஜன் அது சரியாக ஒட்டவிடாது. ஒன்றிரண்டு வாரம் பொறுத்து அடைத்துக்கொண்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.