தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா லினக்ஸ்?

லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வெளியாகிறது. 1991 ஜூனில் வந்த இந்த உரிமத்தின் சாரம் சிறியது. நிரலை மாற்றியோ மாற்றாமலோ பிறருக்குக் கொடுப்பவர், அதன் மூலநிரலையும் அதே உரிமத்தோடு கொடுக்க வேண்டும். தன் வீட்டிலோ அலுவலகத்திலோ வைத்து ஓட்டிக்கொள்பவரிடம் அது எதையும் கேட்பதில்லை. இந்த உரிமத்தில்தான் அப்போதைய மைக்ரோசாஃப்ட் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் ஒரு நோயைக் கண்டுபிடித்தார். 2001 ஜூன் 1 அன்று சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் வெளியான பேட்டியில், லினக்ஸ் ஒரு புற்றுநோய் என்றும், அறிவுசார் சொத்துரிமை வகையில் தொட்டதையெல்லாம் அது பற்றிக்கொள்ளும் என்றும் சொன்னார். திறமூல மென்பொருளைக் கொஞ்சம் பயன்படுத்தினாலும் மீதி மென்பொருளையும் திறந்துவிட வேண்டியதுதான் என்பது அவர் தந்த விளக்கம். புற்றுநோய் தொட்டால் ஒட்டும் நோயல்ல என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டியதாகத் தெரியவில்லை.

அவர் தனியாகவும் பேசவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் பிரிவின் தலைவர் ஜிம் ஆல்சின், திறமூலம் அறிவுசார் சொத்தை அழிப்பது என்றார். மே 3 அன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளியில் அதே நிறுவனத்தின் கிரெய்க் மண்டி, ஜிபிஎல்லுக்கு வைரஸ் குணம் உண்டு என்று உரையாற்றினார். ஆக, நான்கு மாதத்துக்குள் மூன்று மருத்துவ அறிக்கைகள். சொன்னவர்கள் மறந்துவிட்டாலும், அந்த வாசகம் நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளிலும் கருத்தரங்க மேடைகளிலும் கால் நூற்றாண்டாக உலவுகிறது.

“பயன்படுத்தினால் திறக்க வேண்டும்” என்பது முதல் வாதம். இதற்கான பதில் அப்போது கெர்னலோடு வந்த உரிமக் கோப்பின் தலைப்பிலேயே இருந்தது. வழக்கமான சிஸ்டம் கால்கள் வழியாகக் கெர்னலின் சேவையைப் பெறும் நிரல்களுக்கு இந்த உரிமம் பொருந்தாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அங்கே குறிப்பு எழுதி வைத்திருந்தார். கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஆரக்கிள் தன் தரவுத்தளத்தை 1998-லேயே லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டது. பேட்டி வெளியானபோது அது கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளாக லினக்ஸ் மேல் ஓடிக்கொண்டிருந்தது, மூடியபடியே, கட்டணத்தோடு.

லினக்ஸை வாங்கித் தன் பொருளுக்குள்ளேயே வைத்து விற்பவருக்கு என்ன ஆகும் என்பது அடுத்த வாதம். வாதமாகச் சொல்லப்பட்டவற்றில் கொஞ்சமாவது எடையுள்ளது இது ஒன்றுதான். இதற்கு ஒரு நல்ல சோதனை நடந்தே இருக்கிறது: லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி. நீலமும் கறுப்புமான முகப்பு, பின்னால் இரண்டு ஆன்டெனா என்று உலகெங்கும் வீட்டு மேசைகளில் உட்கார்ந்திருந்த வைஃபை ரவுட்டர் அது. 2002 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு சிஸ்கோ லிங்க்ஸிஸை வாங்கியது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பதும், மூலநிரல் தரப்படவில்லை என்பதும் 2003 ஜூனில் கெர்னல் உருவாக்குநர்களிடையே புகாராக எழுந்தது. அழுத்தம் கூடியதும் அந்த ஆண்டே மூலநிரல் வெளியிடப்பட்டது. அதை வைத்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற தனி இயங்குதளமே பிறந்தது.

தொற்று நிரூபணமாகிவிட்டது என்று இந்த இடத்தில் கை தட்டுபவர்கள் உண்டு. வெளியே வந்தது என்ன, வராதது என்ன என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. ரவுட்டரின் வைஃபை சிப் பிராட்காமுடையது. அதை இயக்கும் டிரைவர், கெர்னலுக்குள்ளேயே ஏற்றப்பட்டு அதன் நினைவகத்திலேயே குடியிருக்கும் மாட்யூல். லினக்ஸை இதைவிட நெருங்கித் தொட முடியாது. மற்றவற்றின் மூலநிரல் வெளியான பின்பும் அந்த டிரைவர் மட்டும் மூடிய இருமக் கோப்பாகவே கிடந்தது. பிராட்காமின் சொத்து பிராட்காமிடமே இருந்தது. அப்படி மூடி வைப்பதே உரிமத்துக்கு முரண் என்று வாதிடும் கெர்னல் உருவாக்குநர்கள் உண்டு, வாதிட்டதோடு சரி. திறந்த டிரைவர் வேண்டும் என்று நினைத்தவர்கள் அதை அடியிலிருந்து எழுத வேண்டியிருந்தது. ஒரு குழு மூடிய டிரைவரை அலசி, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து, அசலைக் கண்ணால் காணாமல் புது டிரைவர் எழுதியது. தொட்டாலே பற்றிக்கொள்ளும் நோய்க்கு இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. 2005-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் லிங்க்ஸிஸ் லினக்ஸைக் கழற்றிவிட்டு, விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளத்தை வைத்தது. 4 எம்பி ஃபிளாஷ் 2 எம்பி ஆயிற்று. 16 எம்பி ரேம் 8 எம்பி ஆயிற்று. செலவு மிச்சம், நோயிலிருந்தும் விடுதலை. ஆனால் அதே ஆண்டில் அதே நிறுவனம் பழைய வன்பொருளையும் லினக்ஸையும் வைத்து, பெயரின் கடைசியில் ‘எல்’ என்ற எழுத்தை மட்டும் சேர்த்து, இன்னொரு ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. அது பத்தாண்டுக்கும் மேல் விற்றது. மருந்து சாப்பிட்டுக் குணமான நோயாளி, கிருமியைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி வந்ததாக மருத்துவ வரலாற்றில் வேறு பதிவு இருக்காது.

எச்சரித்தவர்களின் சொந்த வீட்டு நிலவரமும் பார்க்கத்தக்கது. பால்மர் பேசிய காலத்தில் மைக்ரோசாஃப்ட் விற்ற பொருள்களில் இன்டெரிக்ஸ் ஒன்று. யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட உதவியது. அந்தத் தொகுப்பில் ஜிசிசி கம்பைலர் இருந்தது; ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று, ஜிபிஎல் உரிமம் கொண்டது. விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1997 கடைசியில் வாங்கிய ஹாட்மெயிலின் வலை சர்வர்கள் 2000 வரை ஃப்ரீபிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்தில் ஓடின. விண்டோஸோடு வந்த எஃப்டிபி நிரலின் கோப்பைத் திறந்து, உள்ளே படிக்கத்தக்க எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்தால், பிஎஸ்டியின் பிறப்பிடமான கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பதிப்புரிமை வரி அப்படியே கிடைக்கும். பக்கத்து வீட்டுக் கதையும் அதுதான்: பேட்டிக்குப் பத்து வாரம் முன், 2001 மார்ச் 24 அன்று, ஆப்பிள் வெளியிட்ட மேக் ஓஎஸ் டென்னுக்கும் அடித்தளம் பிஎஸ்டி நிரலும் மாக் கெர்னலும்தான். பிஎஸ்டி உரிமம் வேறு, ஜிபிஎல் வேறு என்று இதற்குப் பதில் வரும். வேறுதான். திறமூலம் என்று மொத்தமாகப் பேசியது பால்மர்.

2009 ஜூலை 20 அன்று மைக்ரோசாஃப்ட் சுமார் 20,000 வரி நிரலை ஜிபிஎல் உரிமத்தில் லினக்ஸுக்குக் கொடுத்தது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி என்ற மெய்நிகராக்கத் தளத்தின் மேல் லினக்ஸ் வேகமாக ஓடத் தேவையான டிரைவர்கள் அவை. அதில் ஒன்றில் ஜிபிஎல் நிரலும் மூடிய நிரலும் சேர்த்து இணைக்கப்பட்டிருந்ததைக் கெர்னல் உருவாக்குநர் ஸ்டீபன் ஹெம்மிங்கர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே இந்த அன்பளிப்பு வந்தது. உரிம மீறலால் கொடுக்கவில்லை என்று நிறுவனம் விளக்கியது, அப்படியே இருக்கட்டும். வந்த நிரல் கெர்னலின் தரத்துக்கு உடனே தேறவில்லை; ‘ஸ்டேஜிங்’ என்ற திண்ணையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து திருத்தப்பட்டது. அந்தத் திருத்தங்களின் பலனாக, 2011 ஜூலையில் லினக்ஸ் 3.0 வந்தபோது அதில் அதிக எண்ணிக்கையில் மாற்றங்கள் செய்த தனிநபர் மைக்ரோசாஃப்டின் கே.ஒய். சீனிவாசன், 343 மாற்றங்களோடு. பால்மர் அப்போதும் தலைமை நிர்வாகிதான். 2020 மே முதல் விண்டோஸ் 10-இன் துணை அமைப்பு ஒன்றில் முழு லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது. அதன் மூலநிரல் உரிமப்படி வெளியிடப்பட்டிருக்கிறது; விண்டோஸின் மூலநிரல் வெளியிடப்படவில்லை.

திறமூலம் வணிக நிறுவனங்களுக்குக் கிடைக்காது, ஆகவே அரசின் ஆய்வுப் பணம் அதற்குப் போகக் கூடாது என்பதும் அந்தப் பேட்டியில் வந்தது. அதே 2001-ல் லினக்ஸுக்காக 100 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்த ஐபிஎம் தர்ம ஸ்தாபனம் அல்ல. பழுது வந்தால் பொறுப்பேற்க ஆளில்லை என்ற புகாருக்கு, அந்தப் பொறுப்பையே தொழிலாக வைத்திருந்த ரெட் ஹேட்டை அதே ஐபிஎம் 2019-ல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது பதில். மேசைக் கணினியில் லினக்ஸ் ஏன் பரவவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. அது சொத்துரிமையைப் பற்றிய கேள்வி அல்ல.

கடைசியாக, திறமூலத்தார் முன்னே போகும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்தே ஓட்டுவார்கள், புதிதாக எதையும் படைக்க மாட்டார்கள் என்ற வாதம். 1998-ல் கசிந்த மைக்ரோசாஃப்ட் உள்குறிப்பிலேயே இதற்கு விதை உண்டு. பதிலுக்கு ஒரு கதை: கெர்னல் உருவாக்கத்தின் மாற்றங்களைப் பதிய 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுரிமை மென்பொருள் பயன்பட்டது. இலவசமாகத்தான் கிடைத்தது, அப்படிப் பயன்படுத்துபவர் அதற்குப் போட்டியான கருவியை உருவாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் உரிமம் எது என்பதை இங்கே கவனிக்கலாம். சாம்பா என்ற திறமூல மென்பொருளை உருவாக்கிய ஆன்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வரோடு பேசும் நிரலை எழுத முனைந்ததும் நிறுவனம் இலவசப் பதிப்பை நிறுத்தியது. அவர் செய்த மாபெரும் ஊடுருவல் என்ன என்பது 2005 ஏப்ரலில் கான்பெராவில் நடந்த மாநாட்டு மேடையில் தெரிந்தது. டெல்நெட்டில் சர்வரின் போர்ட்டுக்கு இணைத்தார். அடுத்து என்ன தட்டலாம் என்று கேட்டார். ‘ஹெல்ப்’ என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. தட்டினார். சர்வர் தன் கட்டளைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தது.

கருவியை இழந்த டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3 அன்று கிட் என்ற மாற்றை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7-ல் கிட்டின் நிரலே கிட்டில் பராமரிக்கப்பட்டது. ஜூனில் கெர்னலின் 2.6.12 பதிப்பு அதைக் கொண்டு வெளிவந்தது. பின்விளக்கு காட்டிய பிட்கீப்பர் 2016-ல் தானே திறமூலமானது. கிட்டின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, பால்மர் நோயைக் கண்ட அதே உரிமம். 2017-ல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸின் மூலநிரல் முழுவதையும், சுமார் 35 லட்சம் கோப்புகள், ஏறத்தாழ 300 ஜிபி, கிட்டுக்கு மாற்றியது. அன்று முதல் விண்டோஸின் ஒவ்வொரு மாற்றமும் ஜிபிஎல் மென்பொருளின் கை பட்டே உள்ளே போகிறது. விண்டோஸ் இன்னும் மூடியே இருக்கிறது.